போர்முனைக்குப் போன கரப்பான்பூச்சி

உலகத்தின் எந்த மூலையில் குண்டு விழுவதாக இருந்தாலும், அது முதலில் பெரியவளிடம் வந்து, "அக்கா, இப்ப விழலாமா, கேமரா ரெடியா?" என்று கேட்டுவிட்டுத்தான் விழும். தாங்கள் ஜெயிக்கிறோமா தோற்கிறோமா என்பதையே இரண்டு பக்கத்துத் தளபதிகளும் அவளுடைய செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். டாங்கிகள் அவளைக் கண்டால் ஓரமாக ஒதுங்கி, போகச்சொல்லி விளக்கை அணைத்து அணைத்துப் போடும்.

இதெல்லாம் தான் வேலை பார்க்கிற செல்போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்துகொண்டு, அவள் தங்கை சின்னவள் அளந்துவிடுகிற அளப்பு. உடைந்த ஸ்க்ரீனோடு வந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அதே பெரியவள் வீட்டில் பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நின்று அம்மாவைக் கூப்பிடுவாள் என்பதை மட்டும் சின்னவள் சொல்லமாட்டாள். குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா.

பெரியவள் டி.வி. சேனல் ஒன்றின் நிருபர். குழாய் உடைப்பு, பள்ளம் விழுந்த ரோடு என்று உள்ளூரில் தொடங்கியவள். அதிகாரிகளை விடாமல் கேள்வி கேட்டு, அவர்கள் பாத்ரூமுக்குள் போய் ஒளிந்துகொண்டால் வாசலிலேயே மைக்கோடு நிற்பாள். வெளிநாட்டுச் சண்டைக்கு யார் போகிறீர்கள் என்று ஆபீஸில் கேட்டபோது, ஃபேனைக் குறைக்கச் சொல்லத்தான் கையைத் தூக்கினாள், மாட்டிக்கொண்டாள் என்பது சின்னவளின் ஆராய்ச்சி. உண்மையில் அவளாகவேதான் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

சின்னவளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையே பேச்சுவார்த்தை பத்தாம் வகுப்பிலேயே முறிந்துபோனது. பிறர் பெயரில் மெசேஜ் அனுப்புவதுதான் அவளுக்குக் கைவந்த கலை. கடையில் புதுப்புது நம்பர்களுக்கா பஞ்சம்? லிஃப்ட் மெக்கானிக்கான அப்பாவுக்கு, "லிஃப்டுக்குள் மாடு ஏறிவிட்டது, உடனே வரவும்" என்று ஒரு குடியிருப்புச் சங்கத் தலைவரின் பெயரில் அனுப்பினாள். அவரும் ஸ்பேனரும் கயிறுமாக ஓடினார். அம்மாவுக்கோ, "மாப்பிள்ளை பார்த்துவிட்டேன், டாங்கி ஓட்டுகிறார்" என்று பெரியவள் பெயரிலேயே போய்ச்சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக்கொடுக்கிற அம்மா, அன்றைக்கு வந்த நோயாளிகளையெல்லாம் பல் டாக்டரிடமே அனுப்பிவிட்டார்.

பிறகு ஒருநாள் காலையில், செய்தியாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தின் பக்கமாகக் குண்டு விழுந்ததாக டி.வி. சொன்னது. பெரியவள் வந்து நிற்க வேண்டிய இடத்தில் வெறும் வரைபடம் நின்றது. அவளுடைய போன் அடிக்கவே இல்லை. சேனலின் செய்தி ஆசிரியர் கூப்பிட்டு, "தேடிக்கிட்டிருக்கோம் சார், தைரியமா இருங்க" என்றார். அம்மா டி.வி.யின் சத்தத்தை நிறுத்திவிட்டு, படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குக் கிளம்பிய அப்பா ஸ்பேனரைக் கையில் வைத்தபடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மதியம் அம்மாவின் போனுக்கு, முன்பின் தெரியாத ஒரு நீளமான நம்பரிலிருந்து மெசேஜ் வந்தது. "நான் நல்லா இருக்கேன். பயப்படாதீங்க. என் போன் உடைஞ்சிடுச்சு."

அம்மா படித்தார். பிறகு சின்னவளைப் பார்த்தார்.

"இன்னைக்குக்கூடவாடி?"

"அம்மா, நான் இல்லம்மா!"

"விடு. நமக்கு ஆறுதலா இருக்கட்டும்னு அனுப்பியிருப்பா" என்றார் அப்பா. திட்டியிருந்தால்கூடச் சின்னவள் தாங்கியிருப்பாள்.

"சத்தியமா நான் அனுப்பலப்பா."

"மாட்டு விஷயத்துலயும் இதே சத்தியம்தானே பண்ணினே?" என்றார் அப்பா.

அந்த மெசேஜைத் தான் அனுப்பவில்லை என்பது அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் பேச்சை நம்பத்தான் ஆள் இல்லை. சின்னவள் அம்மாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கி, செய்தி ஆசிரியரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, நம்பரை ஒப்பித்தாள்.

"அந்த நாட்டு நம்பர்தான்மா. ஆனா பேச முடியல, மெசேஜ் மட்டும்தான் போகுது. அவங்க பேர்ல வேற யாரும்கூட அனுப்பலாம்" என்றார் அவர். "அவங்களுக்கு மட்டுமே பதில் தெரிஞ்ச கேள்வி ஒன்னு குடுங்க. எங்க தொழில்ல இது வழக்கம்."

அப்பா எழுந்து வந்தார். "பொறந்த ஊரைக் கேளுங்க சார்."

"அது பாஸ்போர்ட்லயே இருக்கு சார்."

"அவளுக்கு எந்த மருந்து சேராதுன்னு கேளுங்க" என்றார் அம்மா.

"அவங்க கழுத்துல தொங்குற அட்டையில எழுதியிருக்கும்மா."

சின்னவள் தொண்டையைச் செருமினாள். "போன தடவை லீவு முடிஞ்சு கிளம்பினப்போ, அவளோட குண்டு தாங்குற ஹெல்மெட்டுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு கேளுங்க."

"பதில்?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "ரப்பர் கரப்பான்பூச்சி. பெருசு. மீசை வச்சது."

"அடிப்பாவி!" என்றார் அம்மா. அன்றைக்கு அவர் வாயிலிருந்து சத்தமாக வந்த முதல் வார்த்தை அதுதான்.

காத்திருந்தார்கள். போன் அடித்தபோது மூன்று கைகள் ஒன்றாகப் பாய்ந்தன.

"வந்திருச்சு சார், அப்படியே படிக்கிறேன்" என்ற ஆசிரியரின் குரலில் இப்போது சிரிப்பு இருந்தது. "'ரப்பர் கரப்பான். ஏர்போர்ட்ல சோதனை போடுறவர் மடியில போய் விழுந்து மானம் போச்சு. அந்தக் கழுதையை நேர்ல வந்து கவனிச்சுக்கிறேன்.'"

அப்பாவின் ஸ்பேனர் அவர் கால்மேலேயே விழுந்தது. வலிக்கிறது என்று சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. "திட்டுறா! அப்ப நல்லாத்தான் இருக்கா!" என்று அம்மா சிரித்தார், அழுதார், சின்னவளின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார், வைத்த கையாலேயே இழுத்து அணைத்துக்கொண்டார். பிறகு மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் பசித்தது.

மறுநாள் எல்லை தாண்டி வந்து பெரியவள் வீடியோவில் கூப்பிட்டாள். முகமெல்லாம் புழுதி. பல் மட்டும் வெள்ளை. ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில் பதுங்கியிருந்தார்களாம். கூட இருந்த நர்ஸின் போனைக் கடன் வாங்கித்தான் மெசேஜ் அனுப்பினாளாம்.

"பள்ளிக்கூடத்துலயா? அதுக்கு குண்டே பரவாயில்லையே" என்றாள் சின்னவள்.

"வாயை மூடுடி. எங்கயாவது அடிபட்டுச்சா கண்ணு?" என்று கேட்டார் அம்மா.

"தலையில கல்லு ஒன்னு விழுந்துச்சும்மா. ஹெல்மெட் காப்பாத்திடுச்சு. முன்னாடி மாதிரி லூசா இருந்திருந்தா கழண்டு ஓடியிருக்கும். உள்ள யாரோ ஸ்பாஞ்ச் வச்சு, மேல துணி போட்டுத் தைச்சிருக்காங்க."

"ஆபீஸ்ல தைச்சிருப்பாங்க" என்று சின்னவள் அவசரமாகச் சொன்னாள்.

"ஆபீஸ்லயா? போன் ஸ்க்ரீன் துடைக்கிற நீலத் துணியை வச்சா?"

"அது... கரப்பானுக்குப் படுக்கை போட்டேன்."

"தையல் பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுதே. அழுதுகிட்டே தைச்சியாடி?"

"சிக்னல் சரியில்லக்கா. ஒன்னும் கேக்கல."

"அப்படியா? நீ மூக்கை உறிஞ்சுறது இங்க நல்லாக் கேக்குது."