தீவு ராசாவின் சஹனில் ஓரிடம்

பசிபிக் சமுத்திரத்தின் நடுவில் ஒரு பொட்டுத் தீவு. அதன் தலைவரை அவருடைய சபைக்காரர்களே கையைத் தூக்கிப் பதவியிலிருந்து இறக்கினார்கள். கொஞ்ச காலம் போனதும் அவர்களே கூப்பிட்டு மறுபடி உட்கார வைத்தார்கள். எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், உக்குவளை ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில், பேப்பரின் மூலையில் நாலே வரியில் இதைப் படித்தேன். உடனே எழுந்துவிட்டேன். மச்சானிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நாலு எட்டு வைத்த பிறகுதான், அவரை மையவாடியில் அடக்கி வருஷக்கணக்காகிவிட்டது நினைவுக்கு வந்தது. என் புத்தியைப் பாருங்கள்.

மச்சான் என் மூத்த சகோதரி ராத்தாவின் புருஷன். எங்கள் கிராமச் சங்கத்தின் சேர்மன். அறுபதுகளின் கடைசியில் அந்தத் தீவுக்குச் சுதந்திரம் கிடைத்த செய்தியை ரேடியோவில் கேட்டதிலிருந்து மனுஷனுக்கு அந்தத் தலைவர் மேல் ஒரு பைத்தியம். பேப்பரில் வந்த படத்தை வெட்டி, சங்கக் காரியாலயத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தார்.

"மச்சான், அந்தாளுட நாடே நம்மட சங்கத்துக்குள்ள அடங்கிரும். அவரு போய் பெரிய பெரிய வெள்ளக்காரனோட சரிக்குச் சரி குந்திப் பேசுறாரு. நம்மளுக்கு என்ன கொற?" என்று என்னிடம் சொல்வார்.

ஊர் சும்மா இருக்குமா? அவருக்குத் 'தீவு ராசா' என்று பட்டம் கட்டியது. அவரும் கோபிக்கவில்லை. "ராசா வாராரு, கதிரையப் போடுங்க" என்று தானே சொல்லிக்கொண்டு கூட்டத்துக்குள் வருவார்.

வினை குழாயில் வந்தது. ரோட்டோரமாகத் தண்ணீர்க் குழாய் போட்டுக்கொண்டு வந்தோம். தோட்டத்து எல்லை வளைவோடு அதை நிறுத்துவதாகத்தான் முடிவு. மச்சான் அதை வளைவு தாண்டி, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் வரைக்கும் கொண்டுபோக வேண்டும் என்றார். லயத்துப் பெண்கள் மழை இல்லாத மாதங்களில் பள்ளத்துப் பீலிக்குக் குடத்தோடு இறங்கி ஏறுவதை அவர் தினமும் பார்ப்பவர். ஆனால் லயத்துச் சனங்களுக்குக் கிராமச் சங்கத்தில் வோட்டு இல்லை. வோட்டு இல்லாதவனுக்கு எங்கள் தண்ணீர் எதற்கு என்று உறுப்பினர்கள் கொதித்தார்கள்.

"தாகத்துக்கு வோட்டு ஈக்கா?" என்று மச்சான் கேட்டார்.

நானும் ஓர் உறுப்பினன். ஒன்பது பேரில் ஒருவன். மச்சானின் ஆள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் என்னைக் குறி வைத்தார்கள்.

எங்கள் கந்தூரிகளில் சோறு ஆளுக்கொரு பீங்கானில் வராது. ஆறு பேருக்கு ஒரு பெரிய தட்டு. அதுதான் சஹன். ஆறு பேரும் சுற்றிக் குந்தி, ஒன்றாகக் கை வைத்து உண்பார்கள். ஆள் குறைந்தால் காத்திருப்பதுதான் வழக்கம். அவர் ராத்தாவைக் கலியாணம் முடித்த நாளிலிருந்து மச்சானின் சஹனில் ஒரு பக்கம் எனக்கு. இறைச்சியில் நல்ல துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிவிடுவார்.

அந்த வருஷத்து மௌலூது கந்தூரியில் நான் பள்ளிவாசலுக்குள் நுழைந்ததுமே கொக்கோ வியாபாரி ஒருவர், அவரும் சங்க உறுப்பினர், என் கையைப் பிடித்துத் தன் சஹனில் உட்கார வைத்துவிட்டார். சுற்றி இருந்த மற்ற நாலு பேரும் அவருடைய ஆட்கள். பாதிச் சோற்றில் மெதுவாகச் சொன்னார்: "தீவு ராசா எறங்கினா அடுத்த சேர்மன் நீங்கதான். எல்லாரும் பேசி முடிச்சிட்டோம்."

சேர்மன்! நான் தலையை ஆட்டினேன். அவர் ஓர் ஈரல் துண்டை என் பக்கம் தள்ளினார். வெட்கங்கெட்டவன், அதையும் தின்றேன்.

பிறகு வீட்டில் கிடந்து யோசித்தேன். மனம் பின்வாங்கியது. ஆனால் ஒரு சஹனில் கை வைத்துக் கொடுத்த வாக்கை எப்படி மீறுவது என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டேன். மச்சானோடு பதினைந்து வருஷம் கை வைத்த சஹன் ஏன் அப்போது ஞாபகம் வரவில்லை? சேர்மன் ஆசைதான், வேறென்ன. சஹன் ஒரு சாட்டு.

நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது. மச்சானையும் சேர்த்து அவர் பக்கம் நாலு பேர் கை தூக்கினார்கள். எதிரே நாலு கை. மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். எப்படியும் நான் அவர் பக்கம் என்ற தைரியம். நான் அலமாரியைப் பார்த்துக்கொண்டு எதிர்ப்பக்கத்துக்குக் கையைத் தூக்கினேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. எழுந்து, கதிரையை எனக்கு இழுத்துப் போட்டார். "குந்துங்க மச்சான்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

நான் சேர்மனாக இருந்தது எட்டு மாதம். குழாய் வளைவோடு நின்றது. ஒரு நாள் லயத்துப் பெண் ஒருத்தி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "முதலாளி, எங்க பக்கம் தண்ணி எப்ப வருங்க?" என்று கேட்டாள். பார்ப்போம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். எட்டாம் மாதம் அதே கொக்கோ வியாபாரி என்னையும் இறக்கிவிட்டுத் தானே அமர்ந்தார்.

அடுத்த கந்தூரிக்குத் தயங்கித் தயங்கித்தான் போனேன். மச்சானின் சஹனில் ஐந்து பேர். என் பக்கம் காலியாக இருந்தது. பள்ளி முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்: "மச்சான், இங்க ஒரு ஆள் கொற. வாங்க!"

காதில் விழாதவன் போல நான் மூலையில், யாரோ வெளியூர்க்காரர்களின் சஹனில் போய்க் குந்தினேன். மன்னிப்பை வாங்கிக்கொள்ளவும் ஒரு துணிச்சல் வேண்டும் போலிருக்கிறது. எனக்கு அது இருக்கவில்லை. நோன்பு பிறக்கும் முன் அவர் நெஞ்சு வலியில் மௌத்தானார். யா அல்லாஹ், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அத்தனை நாளில் ஒரு நாள் போயிருக்கலாமே.

தேத்தண்ணிக் கடையிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு ராத்தாவிடம் போனேன். அவள் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். தீவுத் தலைவரை மறுபடி கதிரையில் வைத்துவிட்டார்கள் என்று படித்துக் காட்டினேன். கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அவரு கேட்டா சந்தோசப்பட்டிருப்பாரு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"தம்பி, அந்தக் கடைசிக் கந்தூரி அண்டைக்கி ஊட்டுக்கு வந்து சோறு கேட்டாரு. பள்ளியில தின்னல்லயாண்டு கேட்டேன். மத்தாக்கள திங்கச் செல்லிட்டு, நீ எழும்பி வருவாய்ண்டு கை வெக்காம பாத்துக்கிட்டே இருந்தாராம். சஹன் முடிஞ்சி போச்சாம்."