கன்ரீனுக்கு எதிரே ஓர் அறை

போன மாதம் எங்கள் கன்ரீனில் ஒரு நல்ல கேள்வி கேட்டேன். அக்கறையோடு, சிரித்த முகத்தோடு, நாலு பேருக்குக் கேட்கும்படி. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

விசயத்துக்கு வருகிறேன்.

நான் மருத்துவபீடத்தில் படிப்பிக்கிறவள் என்பது இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். இந்த வருடம் என் தலையில் ஒரு பொறுப்பைக் கட்டினார்கள். பணியாளர் நலன் குழுவின் இணைப்பாளர்! "நீங்கள் பேப்பரிலை எழுதுறனீங்கள், ஆக்களோடை நல்லாப் பழகுறனீங்கள், உங்களை விட்டா ஆர் இருக்கினம்?" என்றார் பீடாதிபதி. புகழ்ந்தால் நான் எதற்கும் தலையாட்டுவேன். ஆட்டினேன்.

பணியாளர் நலன் என்றால் என்ன? ஸ்ரூடன்ற்ஸுக்கு மன அழுத்தம் வந்தால் எங்கே போவது, யாரோடு கதைப்பது என்று நாங்கள்தான் சொல்லிக் கொடுக்கிறோம். நோயாளிக்கு வந்தால் மருந்து எழுதுகிறோம். சொல்லிக் கொடுக்கிறவருக்கே வந்தால்? ஒரு பிளேன்ரீ, பாலில்லாத வெறும் தேத்தண்ணி. அதற்கும் அடங்காவிட்டால் இன்னொரு பிளேன்ரீ. காலையில் லெக்சர், பிறகு வார்ட், பின்னேரம் ஆராய்ச்சி... இதற்கிடையில் வெளிநாட்டுக்குப் போய்விட்டவர்களுடைய வேலையும் மிச்சம் இருப்பவர்களின் தலையில்தான்.

ஆகவே ஓர் அறை அமைத்தோம். புதன்கிழமைகளில் வெளியிலிருந்து ஓர் உளவள ஆலோசகர் வருவார். பேராசிரியர் முதல் அலுவலக உதவியாளர் வரை யாரும் போய் மனம்விட்டுக் கதைக்கலாம். உள்ளே கதைப்பது வெளியே கேட்கக்கூடாது என்று ஜன்னலை அடைத்தோம். அடைத்தால் வேர்க்குமே என்று ஏசி பூட்டினோம். கடகடத்துக்கொண்டிருந்த பழைய ஃபானைக் கழற்றி ஸ்ரோருக்கு அனுப்பினோம். இரகசியம் காப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு.

அறை எங்கே? கன்ரீனுக்கு நேர் எதிரே.

என் யோசனைதான். எல்லாரும் வந்துபோகிற இடம், தேடி அலையத் தேவையில்லை என்று நானே கூட்டத்தில் வாதாடினேன். கதவுக்கு மேலே மூன்று மொழிகளிலும் போர்ட். 'பணியாளர் மனநல ஆதரவு அறை'. றோட்டில் பஸ்ஸில் போகிறவரும் வாசிக்கலாம், அவ்வளவு பெரிய நீல எழுத்து. மங்கல விளக்கு, வரவேற்புரை, ரிப்பன், நன்றியுரை, வடை. ஒன்றும் குறைவில்லை.

அந்த வாரம் இதே பத்தியில் பெருமையாக எழுதினேன், ஞாபகம் இருக்கும். 'கதைத்தால் பாரம் குறையும். வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது?' என்று கேட்டிருந்தேன். நிறையப் பேர் பாராட்டினீர்கள்.

முதல் புதன் ஒருவரும் வரவில்லை. அடுத்த புதனும் இல்லை. "நான் கதிரையளோடை கதைச்சிட்டுப் போறன் டொக்டர்" என்றார் ஆலோசகர். பகிடிதான், ஆனால் எனக்கு முகம் கறுத்துவிட்டது.

பிறகு ஒருநாள் கன்ரீன் மேசையில் இருந்து பார்க்கிறேன்... ஜெனிற்றா அந்தக் கதவைத் திறந்து உள்ளே போகிறாள்!

ஜெனிற்றா (பெயரை மாற்றியிருக்கிறேன், அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்) இளம் விரிவுரையாளர். கொழும்புத்துறைப் பிள்ளை. தகப்பன் இன்னும் கடலுக்குப் போகிறவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதல் கம்பஸ் வாசல் மிதித்தவள் இவள்தான். நல்லாகப் படிப்பிப்பாள். ஆனால் அதற்குக் கொஞ்சநாள் முன்னால், முதலாம் வருட லெக்சருக்கு நடுவில் பேச்சு நின்றுபோய், மைக்கை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். "தலைச்சுத்து" என்று சொல்லிச் சமாளித்தாள். நாங்களும் நம்பினோம். டொக்டர்மார்தானே நாங்கள், தலைச்சுத்தை எங்களுக்குத் தெரியாதா?

என்ன பிரச்சினை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. போகத் தொடங்கிய பிறகு அவள் தேறினாள், அது மட்டும் தெரியும். கண்ணுக்குக் கீழிருந்த கருமை குறைந்தது. நிறுத்திய லெக்சரைத் திரும்பத் தொடங்கினாள். ஒருநாள் கன்ரீனில் யாரோ சொன்ன பகிடிக்கு வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைக் கண்ட சந்தோசம் எனக்குத் தாங்கவில்லை. என் அறை! என் வெற்றி! பிளேன்ரீயும் கையுமாக நேரே அவளுடைய மேசைக்குப் போனேன்.

"ஜெனிற்றா! அந்த அறைக்குப் போகத் துடங்கின பிறகு முகமே தெளிஞ்சுபோச்சு பிள்ளை! இப்ப நித்திரை வருதோ?"

மேசையில் அவளுடைய துறைத்தலைவர் இருந்தார். இன்னும் இரண்டு விரிவுரையாளர்கள் இருந்தார்கள். பக்கத்து மேசையில் அலுவலகமே இருந்தது.

"எந்த அறை?" என்றார் துறைத்தலைவர்.

எல்லாருடைய கண்ணும் எதிரே இருந்த நீல எழுத்துக்குப் போய்த் திரும்பி வந்தது.

"ஓம் மெடம், வருது" என்றாள் ஜெனிற்றா. பாதி தின்ற றோல்ஸை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனாள். நான் அப்போதும் விளங்காமல் அவளுடைய கதிரையிலேயே இருந்து தேத்தண்ணி குடித்தேன்.

எங்களுடைய சனத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டுமா? நாங்கள் விசாரிக்கிற சனம். றோட்டில் கண்டால் "எங்கை போறியள்?" பையைக் கண்டால் "என்ன வாங்கினியள்?" புது முகத்தைக் கண்டால் "எந்த ஊர்? ஆரின்ரை சொந்தம்?" ஒருவர் ஆஸ்பத்திரியில் என்றால் தோடம்பழமும் பிஸ்கற்றும் வாங்கிக்கொண்டு போய், கட்டிலைச் சுற்றி நின்று, சலம் போகிறதா என்பதுவரை கேட்போம். கேட்காவிட்டால்தான் குற்றம். "வந்து எட்டியும் பாக்கேல்லை" என்று வருடக்கணக்கில் முகம் கொடுக்கமாட்டார்கள். நானும் அந்த வளர்ப்புத்தான். மனதின் நோவையும் முழங்கால் நோவைப் போல நடுச்சபையில் வைத்து விசாரித்துவிட்டேன்.

அதன்பிறகு நடந்தது கொடுமை. திட்டினார்களா? ஏசினார்களா? இல்லை. எல்லாரும் அவளோடு அன்பாக இருக்கத் தொடங்கினார்கள்!

துறைத்தலைவர் "நீர் கொஞ்சம் ஆறும் பிள்ளை" என்று அவளுடைய லெக்சரை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார். எவ்வளவு பாடுபட்டுத் திரும்பப் பிடித்த லெக்சர் அது! அலுவலகத்து அம்மா ஒருவர் கோயில் நூல் கொண்டுவந்து கையில் கட்டப்பார்த்தார். பிள்ளை வேதக்காரி என்பது பாதி முடிச்சில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. இவள் வாசலுக்கு வந்தால் ஆய்வுகூடத்தில் கதை நின்றது. ஞாயிற்றுக்கிழமை கொழும்புத்துறைத் தேவாலயத்தில் பூசை முடிந்து வருகிற தாயை ஒருத்தி மறித்து, "மகளுக்கு என்னவாம்? டொக்டர்மாருக்கும் உது வருமோ?" என்று கேட்டிருக்கிறாள். தாய்க்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அவளே வந்து சொன்னாள். என் மேசைக்கு முன்னால் நின்றாள், இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"நீங்கள் நல்லதுக்குத்தான் கேட்டனீங்கள் மெடம். எல்லாரும் நல்லதுக்குத்தான் கேக்கினம். அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு."

"பிள்ளை, நான் உம்முடைய தலைவரோடை கதைச்சு..."

"ஐயோ மெடம்! நீங்கள் இனி ஒருத்தரோடையும் கதைக்காதேங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மெடம்" என்றாள். பரவாயில்லை என்று அவள் நினைக்கவில்லை, அது எனக்குத் தெரிந்தது. "நான் இனி அந்த அறைக்குப் போகமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த குழுக்கூட்டத்தில், அறையை மேல்மாடிக்கு, நூலகத்துக்குப் பின்பக்கம் மாற்றவேண்டும் என்றேன். "ஏசியைக் கழட்டினா சுவரிலை ஓட்டை தெரியுமே டொக்டர்" என்றார்கள். போர்ட்டையாவது கழற்றுவோம் என்றேன். "திறந்து வைச்சவரின்ரை பேர் அதிலை கிடக்கு, கழட்டினா கோவிப்பார்." ஒரு பிள்ளையின் மானத்தைவிட ஒரு போர்ட் எங்களுக்குப் பெரிதாகிவிட்டதே! கத்தவேண்டும் போல இருந்தது. ஆனால் அந்தப் போர்ட்டுக்கு எழுத்தின் அளவு சொன்னது யார்? வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் படியில் ஜெனிற்றாவைச் சந்தித்தேன். தானே போய்த் தலைவரிடம் கேட்டு லெக்சரைத் திரும்ப வாங்கிவிட்டாளாம். இறங்கப் போனவள் நின்று, "நான் வேறை இடத்திலை கதைக்கிறன் மெடம். எங்கை எண்டு மட்டும் கேக்காதேங்கோ" என்றாள்.

கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வந்தது, சத்தியமாகக் கேட்கவில்லை.

அவள் தேறினாள். நான்தான் கெட்டேன். கண்ணை மூடினால் பாதி றோல்ஸ் தெரிந்தது. வகுப்பில் சொல்ல வந்தது மறந்தது. வீட்டில் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். இது ஒரு ஸ்ரூடன்ற் என்றால் உடனே ஆலோசகரிடம் அனுப்பியிருப்பேன். என்னை யார் அனுப்புவது?

போன புதன்கிழமை நானே போனேன்.

கைபிடியில் கையை வைத்ததும்... அம்மாடி! முதுகு முழுக்கக் கண். கன்ரீனில் எத்தனை பேர் இருந்தார்களோ, எல்லாரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. 'வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது?' என்று எழுதியவள்தானே நான்! எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்படுவதை நினைக்க இன்னும் வெட்கமாக இருந்தது.

"என்ன டொக்டர் உங்கை?" ஜெனிற்றாவின் துறைத்தலைவர்தான், கன்ரீன் வாசலில் இருந்து, நாலு பேருக்குக் கேட்கும்படி. "நீங்களுமோ?"

கைபிடியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"உதுக்குள்ளை ஃபான் சத்தம் போடுதாம் சேர்." எனக்குப் பின்னால் ஒரு குரல். "அதைப் பாக்கத்தான் மெடம் வந்தவ."

ஜெனிற்றா. கையில் பிளேன்ரீ. என் முகத்தை அவள் பார்க்கவேயில்லை.

"ஓ, ஃபானோ!" என்றார் அவர். வடையைக் கடித்துக்கொண்டு திரும்பிவிட்டார். நான் கதவைத் திறந்து உள்ளே போய், ஆலோசகருக்கு முன்னால் இருந்து, வாய் திறக்கமுதலே அழுதேன்.

அந்த அறையில் ஃபான் இல்லை என்பது, உள்ளே போய் வந்தவர்களுக்குத்தான் தெரியும்.