பத்துத் தட்டும் ஒரு தாத்தாவும்

"எங்க வம்சத்துல துப்பாக்கியைக் கையில எடுத்தவன் எவனும் இன்னிக்கு வரைக்கும் குறி தவறினதில்ல!"

குத்தாலம் கல்யாணம் இதை முதன்முதலில் அறிவித்தபோது அவருக்கு வயது இருபது. போன சித்திரையில் அறிவித்தபோது அறுபத்திரண்டு. இடைப்பட்ட காலத்தில் அவர் கையாண்ட ஒரே ஆயுதம் இன்சூரன்ஸ் ஆபீஸ் ஸ்டேப்ளர். அதிலும் பின் கோணலாகத்தான் இறங்கும்.

ஆனால் வம்சப் பெருமைக்கு ஆதாரம் ஹாலில் தொங்கியது. தாத்தா நாகநாதன்: தலைப்பாகை, மீசை, கையில் துப்பாக்கி, பின்னால் மலையும் அருவியும். "அது தாத்தா வேட்டைக்குப் போன மலை" என்று வருகிறவர்களுக்கெல்லாம் கல்யாணம் விளக்குவார். எட்டு வேலி நிலமும் கைமாறிப்போன பிறகு, கேட்பாரில்லாத ஒரே காரணத்தால் அந்தப் படம் மட்டும் குடும்பத்தோடு தங்கியிருந்தது.

வினை ஏசி வடிவத்தில் வந்தது. பேத்தி ஹம்சத்வனி லீவுக்கு வருகிறாள் என்று மனைவி பர்வதம் ஏசி வாங்கிவிட்டாள். மாட்ட வந்த மெக்கானிக் இனியவன் நாலு சுவரையும் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் தாத்தாவின் நெஞ்சுக்கு நேராக விரலை நீட்டினான்.

"தாத்தாவை இறக்கறதா? அவர் யாருன்னு தெரியுமா?" என்று கல்யாணம் எழுந்தேவிட்டார்.

"முப்பத்தெட்டு வருஷமாக் கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்," என்றாள் பர்வதம். "வல்லம் பக்கத்துல துப்பாக்கி கிளப் ஒண்ணு இருக்காம். தட்டை மேல பறக்க விடுவாங்களாம், சுட்டு உடைக்கணுமாம். போய் ஒண்ணே ஒண்ணு உடைச்சுட்டு வாங்க. தாத்தா அங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா அந்த இடம் ஏசிக்கு."

"ஒண்ணென்ன, பத்தும் உடைக்கிறேன்."

"பத்தெல்லாம் வேணாம். வம்சத்துக்குக் கை வலிக்கும்."

இப்படியாக தாத்தாவின் கௌரவம் ஒரு மண் தட்டின் மேல் வைக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, மஞ்சள் பையில் துண்டும் தண்ணீர் பாட்டிலுமாக வீரர் பஸ் ஏறினார்.

கிளப்பை நடத்துபவர் கிளாட்சன், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார், ஆகையால் கல்யாணத்துக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. ஆதார் அட்டையைப் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, இரட்டைக் குழல் துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, விசையில் எப்போது விரல் வைப்பது என்று காட்டினார். தட்டு உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, ஆரஞ்சு நிறம். ஓர் எந்திரம் அதைப் பறவைபோல வானத்தில் வீசும்.

"முன்னால மைக் இருக்கு பாருங்க. சத்தம் கேட்டதும் எந்திரம் தட்டை விட்டுடும். அதனால, நல்லாத் தயாரானப்புறம் 'இழு'ன்னு இங்கிலீஷ்ல, 'புல்'னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

இதை கிளாட்சன் தெளிவாகத்தான் சொன்னார். அந்த நேரத்தில் கல்யாணம் தாத்தா சுட்ட சிறுத்தையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை.

எந்தக் காரியமானாலும் பிள்ளையாரைக் கூப்பிடாமல் தொடங்கிப் பழக்கமில்லாதவர் அவர். துப்பாக்கியைத் தூக்குமுன் கண்ணை மூடி, "பிள்ளையாரப்பா!" என்றார். 'பிள்' என்னும்போதே தட்டு கிளம்பிவிட்டது. 'அப்பா' வருவதற்குள் அது வானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் புல்லில் இறங்கிவிட்டது. கல்யாணம் கண்ணைத் திறந்து, காலியான ஆகாயத்தைச் சுட்டார். துப்பாக்கியின் கட்டை தோளில் இடித்த இடியில் சிறுத்தைக் கதை பாதியில் நின்றது.

இரண்டாவதுக்கும் பிள்ளையார். மூன்றாவதுக்கு, முதல் இரண்டும் பலிக்காததால், கூடவே முருகனும். நாலாவது அவர் இருமியபோது போயிற்று. "இப்பப் பாருங்க வேடிக்கையை" என்று அவர் முழங்கியதும் ஐந்தாவது வேடிக்கை காட்டிவிட்டுப் போயிற்று. பொறுமையிழந்த கிளாட்சன், "பேசாதீங்க சார்!" என்று கத்த, அந்தச் சத்தத்துக்கு ஆறாவதும் கிளம்பியது. மிச்சம் நான்கைக் கல்யாணம் முறைப்படி 'புல்' சொல்லியே தவறவிட்டார்.

தட்டு பொறுக்கும் காளியம்மாள் விழுந்ததையெல்லாம் முந்தானையில் ஏந்திவந்தாள். "ஏழு முழுசா இருக்குங்க. இன்னொருக்கா விடலாம். இந்த ஐயா மாதிரி நாலு பேர் வந்தா கிளப்புக்குச் செலவே இல்லைங்க."

அவள் கேலி செய்யவில்லை. அதுதான் கல்யாணத்தை அதிகம் சுட்டது.

கிளாட்சன் ஒரு முழுத் தட்டை ஞாபகார்த்தமாகக் கொடுத்தார். அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு கல்யாணம் திரும்பினார். குத்தாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும் நெரிசலில் மஞ்சள் பை படிக்கம்பியில் மோதியது. சடக்கென்று ஒரு சத்தம்.

வீட்டில் பர்வதம் பையைத் திறந்தாள். மூன்று துண்டுகள்.

"அட, உடைச்சுட்டீங்களே!"

கல்யாணம் வாயைத் திறந்தார். மூடினார். இந்த மௌனம் காலையிலேயே வாய்த்திருந்தால் பிள்ளையாராவது பார்த்துக்கொண்டிருப்பார்.

"சரி, சொன்ன சொல் சொன்னதுதான். ஏசியை எதிர்ச்சுவர்ல எப்படியாவது மாட்டச் சொல்றேன்," என்று அவள் இனியவனுக்குப் போன் செய்யப் போனாள்.

கல்யாணம் ஸ்டூலைப் போட்டு ஏறி, தாத்தாவின் முகத்தருகே நின்றார். நன்றி சொல்லத்தான். ஆனால் தோள் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. கண் தானாகத் துப்பாக்கிக்குப் போயிற்று. தாத்தாவின் விரல் வளைந்திருந்த இடத்தில் விசை இல்லை. வழுவழுவென்று வெறும் மரம். குழலின் முனையில் ஓட்டையும் இல்லை. கறுப்பாக ஒரு பொட்டு மட்டும் வைத்திருந்தது. மலையைப் பார்த்தார். மலையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு. அருவிக்குக் கீழே திரைத்துணியின் ஓரம் தரையில் சுருண்டு கிடந்தது.

மறுநாள் காலை இனியவன் வந்தபோது சுவர் காலியாக இருந்தது. தாத்தா பழைய வேட்டியில் சுற்றப்பட்டுப் பரணில் இருந்தார்.

"தட்டைத்தான் உடைச்சாச்சே, ஏன் இறக்கினீங்க?" என்றாள் பர்வதம்.

"குழந்தைக்குப் புழுக்கமா இருக்கும்."

இனியவன் ஸ்டூலில் ஏறினான். டிரில்லிங் மிஷின் அலறத் தொடங்கியது. கல்யாணம் அந்தச் சத்தத்துக்குள் மெதுவாகச் சொன்னார்:

"பத்துல ஒண்ணு கூடப் படலை, பர்வதம்."

மிஷின் நின்றது. சுண்ணாம்புத் தூளைக் கூட்டிக்கொண்டிருந்த பர்வதம் நிமிரவில்லை.

"ஸ்டூல் ஆடுது பாருங்க. கெட்டியாப் பிடிங்க."

கல்யாணம் குனிந்து பிடித்துக்கொண்டார்.