ஐடா மம்பி துவைக்க மறுத்த காலை

புருஷன் கடலுக்குக் கிளம்பும் நாளில் வீட்டில் துணி துவைக்கக் கூடாது. துவைத்தால் தண்ணீர் அவனையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் எங்கள் கிரிம்ஸ்பியில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. கப்பல் நகரும்போது கையசைக்கக் கூடாது, மீனவன் வீட்டில் பன்றி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்பதுபோல இதுவும் கூடவே பிறந்தது. இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் எங்கள் தெருவில் எவளானாலும் உதட்டைப் பிதுக்குவாள். ஆனால் அன்றைக்கு ஒரு கைக்குட்டையைக்கூட நனைக்க மாட்டாள்.

ஜெர்மன்காரனோடு சண்டை வருவதற்கு முன்னால் இதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஐஸ்லாந்துப் பக்கம் மீனுக்குப் போனவன் திரும்ப மூன்று வாரமாகும். அவன் கிளம்புகிற ஒரு நாள் சும்மா இருந்தால் போதும். முப்பத்தொன்பதில் சண்டை வந்ததும் கடற்படைக்காரர்கள் எங்கள் மீன்பிடிக் கப்பல்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். முன்பக்கம் ஒரு பழைய பீரங்கியை வைத்து, சாம்பல் நிறம் பூசி, ஹம்பர் ஆற்று முகத்துவாரத்தில் எதிரி போட்ட கண்ணிவெடிகளை வாரப் போங்கள் என்று எங்கள் ஆண்களை அனுப்பிவிட்டார்கள். விடியலில் போய் இருட்டுகிற நேரம் திரும்ப வேண்டும். மறுநாளும் அதே வேலை, ஞாயிற்றுக்கிழமை என்றாலும் அதே வேலை. ஆக ஒவ்வொரு நாளும் கிளம்புகிற நாளாகிவிட்டது. அப்போது நாங்கள் எந்த நாளில்தான் துவைப்பது? கடற்படையில் இதை யோசித்த ஒரு மனுஷன் உண்டா?

அக்டோபர் முடிவதற்குள் தெருவே நாறியது. என் மகள் கைக்குழந்தை. அவளுடைய துணிகளை வாளியில் போட்டு மூடிவைத்தேன். மூடியைத் திறந்தால் கண்ணில் நீர் வந்தது. ஆண்கள் திரும்பிய பிறகு துவைக்கலாம் என்றால், குண்டு போடுகிற விமானத்துக்குத் தெரியும், வெளியே ஒரு பொட்டு வெளிச்சம் காட்டக் கூடாது என்று சட்டம். பின்வாசல் துவைக்கும் கொட்டகையில் இருட்டில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு கால் வெந்தவர்கள் உண்டு.

"ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர்றான். இதையும் கடலுக்குப் போறதுல சேர்க்கணுமா?" என்று ஒருநாள் மிஸஸ் லெகாட்டிடம் கேட்டேன். எங்கள் தெருவில் எது கூடும் எது கூடாது என்று தீர்ப்புச் சொல்கிறவள் அவள்தான்.

"சாப்பாட்டுக்கு வர்றவன் முழுகமாட்டானா கண்ணு? துவைச்சுப் பாரு. அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது."



அப்போதுதான் பக்கத்து வீட்டு ஐடா மம்பி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். உயரமானவள். எலும்பெல்லாம் பெரிது பெரிதாக இருக்கும். பன்னிரண்டு வயதிலிருந்து மீன் அறுக்கும் கொட்டகையில் நின்று நின்று அவள் கைகள் முழங்கை வரை சிவந்துபோயிருந்தன. அவள் அப்பாவைக் கடல் கொண்டுபோனது. புருஷன் ஹெர்பர்ட்டை நாலு வருஷத்துக்கு முன்னால் ஐஸ்லாந்துக் கடல் கொண்டுபோனது. ஹெர்பர்ட் கிளம்பிய அன்று அவள் ஒரு கழுத்துத் துண்டை அலசிப் போட்டாள் என்று மிஸஸ் லெகாட் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஐடா அதை மறுத்ததும் இல்லை, ஒத்துக்கொண்டதும் இல்லை. பிள்ளை குட்டி கிடையாது. மீன் வரத்து நின்றுபோனதால் வேலையும் பாதியாகிவிட்டது.

"எதுக்குடி மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிறீங்க? எல்லாத்தையும் எங்கிட்ட கொண்டாங்க," என்றாள். "எனக்குத்தான் கடலுக்குப் போக ஒரு நாயும் இல்லையே."

அவ்வளவுதான். எங்களுக்கு உயிர் வந்தது. மறுநாள் அவள் வீட்டுப் பின்வாசலில் மலையாகக் குவிந்தது துணி. மிஸஸ் லெகாட்கூட வாயை மூடிக்கொண்டு போர்வைகளைக் கொண்டுவந்து போட்டாள். கூலியாக ஒருத்தி நிலக்கரி கொடுப்பாள், ஒருத்தி முட்டை கொடுப்பாள். காலையில் ஆண்கள் போனதும் ஐடா கொப்பரைக்கு அடியில் தீ மூட்டுவாள். பொழுது சாயும் வரை கொதிக்க வைப்பதும் தேய்ப்பதும் மர உருளைகளுக்கு நடுவே கொடுத்துப் பிழிவதும்தான் வேலை. நாங்கள் கொட்டகை வாசலில் நிற்போம். ஈரத்தைத் தொட மாட்டோம். காய்ந்த பிறகு மடித்துக்கொடுப்போம்.

நவம்பரில் நிலைமை இன்னும் கெட்டது. கப்பல்கள் இழுக்கிற இரும்புக் கயிற்றில் சிக்காத புதுவகைக் கண்ணிவெடி வந்தது. அது கடலடியில் சும்மா படுத்திருக்கும். மேலே இரும்புக் கப்பல் போனாலே வெடிக்கும். முகத்துவாரத்தில் ஒன்று வெடித்தால் எங்கள் அலமாரியில் பீங்கான் தட்டுகள் கிடுகிடுக்கும். உடனே தெருவில் எல்லாக் கதவும் திறக்கும். யாருடையது, யாருடையது என்று கேட்டுக்கொண்டு நிற்போம். ஒருநாள் டேனிஷ்காரன் கப்பல், ஒருநாள் நார்வேக்காரன் கப்பல், ஒருநாள் லண்டனுக்கு நிலக்கரி கொண்டுபோன நம் கப்பல். வேறு யாருடையதோ என்றால் பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போய் உருளைக்கிழங்கு உரிப்போம். கல்மனசு என்று நினைக்காதீர்கள். தினமும் அழுவதற்கு உடம்பில் தெம்பு வேண்டாமா?

பிழைத்துவந்த வெளிநாட்டு மாலுமிகளைத் துறைமுகத்து மண்டபத்தில் போர்வை சுற்றி உட்காரவைத்திருப்பார்கள். அவர்களுடைய எண்ணெய் படிந்த துணிகளும் ஐடாவிடமே வந்தன. "இது போகாதுடி லில். சட்டையே கிழிஞ்சாலும் இது போகாது," என்று என்னிடம் சொல்லிக்கொண்டே தேய்ப்பாள்.

அவளிடம் துணி கொண்டுவந்த ஒரே ஆண் வில்ஃப் டிரூரி. அவனுக்கு வயது நாற்பதுக்கு மேல். கல்யாணம் ஆகாதவன், சொந்தம் என்று யாரும் இல்லாதவன். 'கிரேஸ் ஹாலம்' என்ற கப்பலில் எஞ்சின் பார்த்தான். கண்ணிவெடி வாருகிறவர்கள் ஜோடியாகப் போவார்கள். இரண்டு கப்பலுக்கும் நடுவே இரும்புக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். கிரேஸ் ஹாலமுக்கு ஜோடி என் புருஷன் ஸ்டான் போன கப்பல். அதனால் வில்ஃப் எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வருவான். அப்படியே கரியும் கிரீசும் அப்பிய தன் சட்டை மூட்டையைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டுப் போவான்.

"இதென்ன துணியா, அடுப்புக்கரியா?" என்பாள் ஐடா.

"யாருமில்லாதவன் துணி. யாருமில்லாதவதானே துவைக்கணும்? கணக்கு சரியா இருக்கு."

"கணக்கு பேசுற வாயில சோப்பைத் திணிச்சிருவேன். போய்யா."

போக மாட்டான். கொப்பரைக்குப் பக்கத்தில் சூடாக இருக்கிறது என்று ஒரு பெட்டியைப் போட்டு உட்காருவான். முதலில் மூட்டை வாரத்துக்கு ஒன்று வந்தது. பிறகு ஒரு சட்டை, ஒரு சாக்ஸ் என்று தினமும் வந்தது. ஒற்றைச் சாக்ஸைத் துவைக்க எவனாவது அந்த மழையில் நடந்து வருவானா? ஐடா அவனுக்கென்று மாட்டுச் சிறுநீரகத்தை மாவுக்குள் பொதிந்து வேகவைக்க ஆரம்பித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒற்றைச் செங்கல்தான். அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும். ஹெர்பர்ட் போனபின் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

ஒருநாள் அவள் பிழிந்த போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அவன் கேட்டுட்டான், லில். கல்யாணம்."

"நல்லதுதானே? நீ என்ன சொன்னே?"

"என்னத்தச் சொல்ல? சரின்னா நாளைக்கு உங்க துணியெல்லாம் யாரு துவைக்கிறது? வேணாம்னு சொல்லி வாயை மூடிக்கிட்டு இப்படியே துவைக்கலாம். ஆனா மனசு வேணும்னு சொல்லுதே. மனசுல ஒருத்தனை வச்சுக்கிட்டு, அவன் கடல்ல இருக்கிறப்ப தண்ணிக்குள்ள கையை விடுறேன். தினம் விடுறேன். எனக்குப் பயமா இருக்குடி."

  சும்மா இரு, அதெல்லாம் கட்டுக்கதை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பக்கத்து வாளியில் என் குழந்தையின் துணியும் கிடந்தது. நான் துவைக்காமல் அவளிடம் கொண்டுவந்து கொடுத்த துணி. சொல்லாமல் காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தேன்.

டிசம்பரில் ஒரு காலை ஐடா வீட்டுப் புகைபோக்கியில் புகை வரவில்லை. பின்வாசலில் மூட்டைகள் குவிந்து கிடந்தன. உள்ளே போனோம். கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஈரம் படாமல் கை காய்ந்திருந்தது.

"உடம்புக்கு முடியலையா?" என்றாள் மிஸஸ் லெகாட்.

"நல்லா இருக்கேன். இன்னிக்குத் துவைக்க மாட்டேன்."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கும் மாட்டேன். அவரவர் மூட்டையை எடுத்துட்டுப் போங்க."

 மிஸஸ் லெகாட்டுக்கு மெல்லப் புரிந்தது. கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் அவள் முகம் என்னவோ செய்தது.

"அடிப்பாவி! அந்த எஞ்சின்காரனா?" என்றாள்.

ஐடா காது வரை சிவந்தாள். நாங்கள் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நாற்றமடிக்கிற மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தோம்.

அன்று மாலை வில்ஃப் தெருவுக்குள் நுழைந்ததும் வாசலுக்கு வாசல் பெண்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவன் ஐடா வீட்டு வாசலில் நின்றான்.

"வழி முழுக்க பொம்பளைங்க என்னைத் திட்டுறாங்க. ஒருத்தி அழுக்குப் போர்வையை மூஞ்சிக்கு நேரா ஆட்டுறா. நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"நான் இன்னிக்குத் துவைக்கல."

"ஏன்?"

"நீ கடலுக்குப் போயிருந்தியே," என்றாள்.

அவனும் இந்த ஊர்க்காரன்தான். அதற்கு மேல் அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் கல்யாணம் என்று முடிவானது. மாதாகோயிலில் ஞாயிற்றுக்கிழமை இருவர் பெயரையும் வாசித்துக் கல்யாணத்தை அறிவித்தார்கள். அதற்குள் தெரு மறுபடியும் நாறியது. நாங்கள் ஐடாவைத் திட்டினோம். திட்டிக்கொண்டே கல்யாண கேக்குக்கு ஆளுக்குக் கொஞ்சம் உலர்திராட்சையும் சர்க்கரையும் ஒதுக்கி வைத்தோம். ஐடா தன் உள்பாவாடையைக்கூட நனைக்கவில்லை. தட்டு கழுவுவதற்கே பயந்தாள். "தட்டு துணி இல்லடி," என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் ஒரு பகலில் என் அலமாரித் தட்டுகள் கிடுகிடுத்தன. வழக்கம்போல் கதவுகள் திறந்தன. நின்றோம், ஒன்றும் தெரியவில்லை, உள்ளே போனோம்.

பொழுது சாயும் நேரத்தில் ஸ்டான் வந்தான். பூட்ஸைக் கழற்றாமல் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தான். அவனைப் பார்த்ததும் எனக்கு ஒரு கணம் நிம்மதி. 

"கயிறு சட்டுனு தளர்ந்துடுச்சு," என்றான். "திரும்பிப் பார்த்தா கிரேஸ் ஹாலம் இருந்த பக்கம் ஒண்ணுமே இல்ல. தண்ணி மட்டும் மேல போயி கீழ விழுது. நாலு பேரைத் தூக்கினோம். எஞ்சின் ரூம்ல இருந்தவங்க ஒருத்தர்கூட வரல."

"ஐடா?"

"சொல்லிட்டுத்தான் வர்றேன். கிடைச்சானான்னு கேட்டா. இல்லன்னேன். தலையை ஆட்டினா. டீ குடிக்கிறியான்னு கேட்டா, லில். எங்கிட்டப் போயி டீ குடிக்கிறியான்னு கேட்டா."

அவன் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான். மறுநாள் விடியலில் வேறொரு ஜோடியோடு சேர்ந்து மறுபடியும் கிளம்பினான். கிளம்பாமல் இருக்க முடியுமா?

ஐடா கொஞ்ச நாள் வெளியே வரவில்லை. கதவைத் தட்டினால், "நல்லா இருக்கேன், போடி," என்று உள்ளிருந்தே குரல் வரும். பிறகு ஒரு காலை அவள் வீட்டுப் புகைபோக்கியில் புகை எழுந்தது. கொஞ்ச நேரத்தில் சட்டைக் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு வீடு வீடாக வந்தாள்.

"துணி இருந்தா கொடுங்க."

யாரும் கொடுக்கவில்லை. மிஸஸ் லெகாட், "துவைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல கண்ணு, எல்லாம் சுத்தமா இருக்கு," என்று அப்பட்டமாகப் பொய் சொன்னாள். போர்வைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்து சொன்ன பொய். ஐடா என் வாசலுக்கு வந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. கொஞ்ச நாளில் ஒரு மனுஷி இவ்வளவு இளைக்க முடியுமா?

"புள்ளை துணி வாளியைக் கொடு."

"வேணாம் ஐடா. இன்னிக்கு வேணாம்."

"நாத்தம் தெருமுனை வரைக்கும் வருது. குழந்தைக்குப் புண்ணாயிடும். கொடுடி." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்குத்தான் இப்ப யாரும் இல்லையே."

அவளே உள்ளே வந்து வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே போனேன். கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. அவள் துணிகளைத் தொட்டியில் கொட்டித் தேய்க்க ஆரம்பித்தாள். முதுகு மட்டும் அசைந்தது.  எனக்குத் தாங்கவில்லை. எத்தனை மாதமாக இவள் ஒருத்தி இப்படிக் குனிந்து நிற்கிறாள்! சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு தொட்டிக்குள் கையை நீட்டினேன்.

சுளீர் என்று என் மணிக்கட்டில் ஒரு அடி விழுந்தது.

"கையை எடு! ஸ்டான் கடல்ல இருக்கான்ல?"

"எல்லாம் பொய், ஐடா!" என்று கத்தினேன். அழுதுவிட்டேன். "நீ ஒரு கைக்குட்டையைக்கூட நனைக்கலையே. தண்ணியப் பார்த்தாலே ஓடினியே. என்ன ஆச்சு? அவன் வந்தானா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் போய்விட்டிருந்தது. சரியான களைப்பு மட்டும்தான் அந்த முகத்தில்.

"பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும்," என்றாள். "நீ தொடாத."

தன் பாவாடை முனையை எடுத்து, என் விரல்களில் பட்டிருந்த நீரை ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள். பிறகு திரும்பி, தொட்டிக்குள் கையை விட்டாள்.