எதிர்க்கரையில் ஒரு தொப்பி

2007-ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம். விருத்தாசலத்திலிருந்து கம்மாபுரம் போகும் சாலையில், ஊரைத் தாண்டியதும் வருகிற புளியமர வளைவில் இது தொடங்கியது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு ஓடைக் கரையில் முடிந்தது.

அப்போது நான் ஒரு நாளிதழுக்கு விருத்தாசலம் பகுதிச் செய்தியாளராக இருந்தேன். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் அன்று மாலை கம்மாபுரத்தில் கூட்டம் போடுவதாகத் தகவல் வந்திருந்தது. என் வண்டி மெக்கானிக்கிடம் கிடந்ததால் மச்சானின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து கிளம்பினேன். மச்சான் என் மனைவியின் தம்பி. பீங்கான் கம்பெனி ஒன்றில் களிமண் லாரிகளை மேற்பார்வை பார்க்கிற வேலை. தங்கமான பையன். ஆக்ஸிலேட்டரில் கை வைத்தால் மட்டும் வேறு ஆள்.

அந்த வருடம்தான் ஹெல்மெட் கட்டாயம் என்று அறிவித்திருந்தார்கள். எங்கள் ஊரில் ஹெல்மெட் வாங்கியவர்களில் பாதிப் பேர் அதை முழங்கையில் மாட்டிக்கொண்டுதான் போவார்கள். போலீஸைக் கண்டால் தலைக்கு ஏறும். தாண்டியதும் கைக்கு இறங்கிவிடும். வண்டிக்காரர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. போலீஸைத் தாண்டி வருகிறவர், எதிரே வருகிற வண்டிக்கு ஹெட்லைட்டை இரண்டு தடவை அடித்துக் காட்டுவார். பிறகு உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்து எடுப்பார். முன்னால் தொப்பி நிற்கிறது என்று அர்த்தம். முன்பின் தெரியாத மனிதர்கள் சாதி, கட்சி எதுவும் கேட்காமல் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உதவி அது.

புளியமர வளைவில் எங்களுக்கு அந்த உதவி கிடைக்கவில்லை. எதிரே வந்தவை எல்லாம் பஸ்ஸும் லாரியுமாக இருந்தன. வளைந்து திரும்பினால் ஒரு எஸ்.ஐ.யும் ஒரு ஏட்டும் நின்றிருந்தார்கள். எஸ்.ஐ. கையில் பைனாகுலர் போல ஒரு கருவி. வேகம் அளக்கிற அந்தக் கருவி எங்கள் பக்கத்துக்குப் புதிது. அது வெறும் டார்ச் லைட்தான், நம்மைப் பயமுறுத்தத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று டீக்கடைகளில் பேசிக்கொள்வார்கள். மச்சானும் அப்படித்தான் நம்பினான். எஸ்.ஐ. கருவியில் ஒளிர்ந்த எண்ணைத் திருப்பிக் காட்டியதும், அது தனக்கு முன்னால் போன லாரியின் வேகம் என்று வாதாடினான்.

ரசீது எழுதிக்கொண்டிருந்த ஏட்டு தலையைத் தூக்கவில்லை.

"லாரியா ஹெல்மெட்டைக் கையில மாட்டிக்கிட்டுப் போவுது?"

அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். தூறலுக்காகக் கழுத்திலிருந்து முழங்கால் வரை கறுப்பு மழைக்கோட்டு போட்டிருந்தார். தொப்பி நனையக் கூடாதென்று பாலித்தீன் கவரில் சுற்றித் தன் பைக்கின் பக்கவாட்டுப் பெட்டியில் வைத்திருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் மாட்டு வியாபாரி என்றுதான் யாரும் நினைப்பார்கள். அபராதத்தை வாங்கிக்கொண்டு, "பாத்துப் போ தம்பி, ரோடெல்லாம் களிமண்ணு," என்றார். மச்சான் வண்டியை உதைத்தான்.

அங்கிருந்து ஆரம்பித்தது அவனுடைய பழிவாங்கல். எதிரே வந்த ஒவ்வொரு பைக்குக்கும் மொபெட்டுக்கும் லைட் அடித்தான், தலையில் கை வைத்துக் காட்டினான். சைக்கிளில் வந்த ஒருவருக்குக்கூடக் காட்டினான். "ஒருத்தன் சிக்கக் கூடாது மாமா. சாயந்திரம் வரைக்கும் ஈ ஓட்டட்டும்," என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் அந்தக் குடும்பம் எதிரே வந்தது. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் ஓட்டிவந்தார். டேங்கின் மேல் மஞ்சள் கவுன் போட்ட பெண் குழந்தை. பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்த மனைவி, மடியில் பூப்போட்ட ஒயர் கூடை. யார் தலையிலும் ஹெல்மெட் இல்லை. மச்சான் லைட் அடித்துத் தலையில் கை வைத்தான். அவர் புரிந்துகொண்டு தலையசைத்தார். குழந்தை அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்திருக்க வேண்டும். தானும் உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் திரும்பிப் பார்த்தேன். பைக் வேகம் குறைந்து, சாலையை விட்டுப் பக்கத்து மண் பாதையில் இறங்கியது.

அந்தப் பாதை எனக்குத் தெரியும்.

அது ஏரிக்கரையை ஒட்டிச் சுற்றிக்கொண்டு, ஓடையைக் கடந்து, புளியமர வளைவுக்கு அப்பால் ஊருக்குள் ஏறுகிற பாதை. களிமண் லாரிகள் போக்குவரத்துக்குப் பயன்படுத்துவது. போலீஸிடமிருந்து தப்ப நினைக்கிறவர்களுக்கும் அதுதான் வழி. ஓடையின் குறுக்கே ஒரு தரைப்பாலம் உண்டு. முந்தின இரவு பெய்த மழையில் அதன் நடுப்பகுதியை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. அன்று காலை ஊர்ப்பக்கக் கரையில் நின்று அதைப் பார்த்துவிட்டு வந்து செய்தி அனுப்பியவனே நான்தான். மறுநாள் காலைப் பேப்பரில்தான் அது வரும். ஊர்ப்பக்கம் யாரோ சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் பாதையை அடைத்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் எதுவும் இல்லை. களிமண் கரைந்த தண்ணீர், பால் அதிகம் விட்ட டீயின் நிறத்தில், பாதையின் அதே நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பார்ப்பவருக்குக் கணுக்கால் ஆழம் என்றுதான் தோன்றும்.

மச்சானின் தோளைப் பிடித்து நிறுத்தச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. அவர்கள் பின்னாலேயே போகலாம் என்றேன். அவன் அந்த மண்ணை அறிந்தவன்.

"அந்தச் சேத்துல நம்ம வண்டி அவங்களைப் புடிக்காது மாமா. ரோட்டு வழியாத் திரும்பிப் போயி எதிர்க்கரையில நின்னு கத்துவோம்."

திரும்பினோம். மண் பாதை சுற்றிப் போகிறது, சேறும் சகதியும், தார்ச்சாலை நேர். எங்களுக்கு இருந்த ஒரே சாதகம் அதுதான். மச்சான் வண்டியை விரட்டிய வேகத்தில் தூறல் முகத்தில் மணல் அடிப்பதுபோல் விழுந்தது. ஒரு பஸ்ஸை முந்தும்போது என் முழங்கால் அதன் தகரத்தை உரசியது. வளைவு தெரிந்தது. கருவியோடு எஸ்.ஐ. சாலையின் நடுவுக்கே வந்து கையை நீட்டினார்.

"நிறுத்துனா பேசியே நேரம் போயிடும். நுழைஞ்சிடறேன் மாமா," என்றான் மச்சான்.

நிறுத்து என்று அவன் காதருகே கத்தினேன். நிற்காமல் போனால் அவர்கள் துரத்துவார்கள், ஓடைக் கரையில் பிடித்து நிறுத்தி விசாரிப்பார்கள், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றுதான் அப்போது தோன்றியது. அவன் பிரேக் போட்டதில் பின்சக்கரம் களிமண்ணில் வழுக்கி, எஸ்.ஐ.யின் காலடிக்கு அருகில் போய் வண்டி நின்றது. குடித்திருக்கிறாயா என்று அவர் கேட்டார். சற்று முன்பு அபராதம் கட்டிப் போன முகம், இப்போது அதைவிட வேகமாகத் திரும்பி வருகிறது. அவர் வேறு எப்படி நினைப்பார்? குழந்தை, தரைப்பாலம், முள் என்று நான் கோர்வையில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். இது என்ன புதுக் கதை என்பதுபோல் எஸ்.ஐ. பார்த்தார். வண்டிச் சாவியை எடுக்கக் கை நீட்டினார்.

ஏட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "அவங்களை அந்தப் பக்கம் திருப்பி வுட்டது யாரு?"

"நான்தான் சார்," என்றான் மச்சான். "தொப்பி காட்டுனேன்."

ஏட்டு எஸ்.ஐ.யைப் பார்த்தார். "ஐயா, இவன் பொய் சொல்லல. பொய் சொல்றவன் இதைச் சொல்ல மாட்டான்." அனுமதிக்குக் காத்திராமல் தன் பைக்கில் ஏறிவிட்டார்.

வளைவுக்கு அந்தப் பக்கம் ஓடைக்கு இறங்கும் சின்னச் சந்தில் இரண்டு வண்டிகளும் முன்னும் பின்னுமாகப் போயின. முள்ளடைப்புக்கு முன்னால் குதித்து இறங்கினோம். எதிர்க்கரையில் அந்த பைக் வந்துவிட்டிருந்தது. தண்ணீரின் விளிம்பில் நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, அவர் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சான் இரண்டு கைகளையும் வீசிக் கத்தினான். நானும் கத்தினேன். வெள்ளத்தின் இரைச்சலில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். மூன்று பேர் கை வீசுகிறார்கள். ஒருவர் மழைக்கோட்டில், இருவர் சாதாரண உடையில். தண்ணீர் அதிகம் இல்லை, தைரியமாக வா என்று அழைப்பதாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. நன்றி சொல்வதுபோல் கையைத் தூக்கிக் காட்டினார். மனைவி கூடையை மார்போடு அணைத்து, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். குழந்தைக்கு மச்சானை அடையாளம் தெரிந்துவிட்டது. உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்துச் சிரித்தது.

முன்சக்கரம் தண்ணீரில் இறங்கியது.

"வேணாம் வேணாம்," என்று மச்சான் முனகினான். கைகளை வீசுவதை அவனால் நிறுத்தவும் முடியவில்லை. எதைச் செய்தாலும் அது வா என்றுதான் எதிர்க்கரைக்குத் தெரியும். உடைந்த பகுதிக்கும் அந்தச் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி நீளம் இருந்தால் அதிகம்.

பக்கத்தில் ஏட்டைக் காணவில்லை. திரும்பினால், அவர் தன் பைக்கின் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். மழைக்கோட்டை இழுத்துக் கழற்றி எறிந்தார். உள்ளே வெள்ளைச் சட்டை, காக்கி பேண்ட், விசில் கயிறு. பாலித்தீனைக் கிழித்துத் தொப்பியைத் தலையில் அழுத்தினார். நாங்கள் சுற்றிப் போக நினைத்த முள்ளடைப்பில் நேராக ஏறி மிதித்து, உடைந்த சிமென்ட்டின் நுனியில் போய் நின்றார். புளியமர வளைவில் நிற்பதுபோலவே நெஞ்சை நிமிர்த்தி, ஒரு கையை முன்னால் நீட்டி, விசிலை ஊதினார். எங்கள் இரண்டு தொண்டைகளாலும் முடியாததை அந்த விசில் செய்தது.

எதிர்க்கரையில் பைக் சட்டென்று நின்றது. அவர் பார்த்தார். தொப்பி. அவர் முகத்தில் வந்த பயம் அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. இங்கேயும் வந்து நிற்கிறார்களா என்ற பயம். மனைவியிடம் ஏதோ சொன்னார். அவள் சேற்றில் குதித்து வண்டியைப் பின்னால் இழுத்தாள். இருவருமாக முட்டித் தள்ளித் திருப்பினார்கள். அவள் ஏறி உட்காருவதற்குள்ளேயே வண்டி கிளம்பிவிட்டது. வந்த வழியே, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல், போலீஸிடமிருந்து தப்பி ஓடினார்கள். டேங்கின் மேலிருந்த குழந்தை மட்டும் தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்துக்கொண்டே போனது.

ஏட்டு விசிலை வாயிலிருந்து எடுத்தார். மூச்சு வாங்கியது.

"ஓடுறான் பாரு," என்றார். "ஓடட்டும். நல்லா ஓடட்டும்."

மச்சான் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். "நீங்கதான் காப்பாத்துனீங்கன்னு அவங்களுக்குத் தெரியாமலே போயிடுமே சார்," என்றான்.

ஏட்டு ஒரு கல்லின் மேல் காலைத் தூக்கி வைத்து ஷூவில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"ராத்திரி சோத்துல கை வெக்கிறப்ப என்னைத் திட்டுவான். திட்டட்டும்பா. திட்டுறதுக்கு ஆளு இருக்கணும்ல?"

பிறகு அவர் சாதாரணமாக வேலையைப் பார்த்தார். எஸ்.ஐ.யிடம் போய்ச் சொல்லி, நெடுஞ்சாலைத் துறைக்குத் தகவல் கொடுக்க ஏற்பாடு செய்தார். தார் டிரம்களும் ஆட்களும் வந்து சேரும்வரை மண் பாதை பிரிகிற இடத்தில் மச்சானையும் என்னையும் நிற்கச் சொன்னார். அங்கே நின்றபோது, ஊர்ப்பக்கம் போகிற சிலர் வண்டியை மெதுவாக்கி, தலையில் கை வைத்துப் புருவத்தைத் தூக்கினார்கள். முன்னால் தொப்பி நிற்கிறதா என்ற கேள்வி. மச்சான் ஒவ்வொருவரிடமும் ஆமாம், நிற்கிறது, ஆனால் ஓடைப் பாலம் உடைந்து கிடக்கிறது, ரோட்டு வழியாகவே போங்கள் என்று சொன்னான். ஒருவர் அவனை ஏற இறங்கப் பார்த்து, "போலீஸுக்கு ஆள் புடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவன் அடுத்து வந்த வண்டிக்குக் கை காட்டினான்.

கம்மாபுரம் கூட்டத்துக்கு நான் போய்ச் சேரவில்லை. தரைப்பாலம் உடைந்த செய்தி மறுநாள் உள்பக்கத்தின் அடியில் சிறியதாக வந்தது. அதில் இது எதுவும் இல்லை. அபராத ரசீது மச்சானின் சட்டைப் பையிலேயே இருந்தது. ஏட்டு அதைத் திருப்பிக் கேட்கவில்லை, இவனும் நீட்டவில்லை.

அந்தக் குடும்பம் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஓடைக் கரை வரைக்கும் வந்து மறித்த போலீஸை எப்படி ஏமாற்றிவிட்டு வந்தோம் என்று அவர்கள் இன்றும் எங்காவது சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கலாம். சாலையின் நடுவில் கை நீட்டி நிற்கும் தொப்பியைப் பார்த்து எனக்கு எரிச்சல் வரும்போதெல்லாம், அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டே வண்டியை ஓரம் கட்டுகிறேன்.