வடம் வராத சந்து

தேங்காய் நார், கற்பூரம், வேர்வை... மூன்றும் கலந்த ஒரு வாசனை. தேர் அன்றைக்குச் செல்வி வீட்டு வாசலில் அடிக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது வடம்போக்கிச் சந்து. பெரிய தேர் மாட வீதி முனையில் திரும்ப வேண்டும். முன்னால் இழுப்பவர்கள் நேராகப் போனால்தான் தேர் முனை வரைக்கும் வரும். அவர்கள் போவதற்கு இடம் வேண்டுமே... அதற்காகவே விட்ட சந்து. வடம் உள்ளே போவதால் அந்தப் பெயர்.

எங்கள் சந்துக்குப் பெயரே கிடையாது. தபாலில்கூட 'வடம்போக்கிச் சந்து அருகில்' என்றுதான் வரும்.

செல்வி என் கிளாஸ்மேட். அவள் வீடு வடம்போக்கிச் சந்தில். தன் வீட்டுப் படியில் நின்றபடியே குனிந்து வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். நான் கூட்டத்தில் முட்டி மோதிக் கிட்டே போவதற்குள் வடம் நகர்ந்துவிடும். மறுநாள் ஸ்கூலில் உள்ளங்கையை நீட்டி எல்லோரையும் மோந்து பார்க்கச் சொல்வாள். என் முறை வரும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன்.

நம் சந்துக்கு ஏன் வடம் வருவதில்லை என்று அப்பாவிடம் கேட்டேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை.

"நம்ம சந்து குறுக்கால இருக்குது. வடம் நேராத்தான போவும்?"

யார் மேல் கோபப்படுவது? செல்வியோடு கொஞ்ச நாள் பேசாமல் இருந்தேன். காரணம் அவளுக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணமான பிறகு அவள் அண்ணன் அந்த வீட்டை விற்றார். நானும் என் வீட்டுக்காரரும் ஆசையாகப் போய் விசாரித்தோம். எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. இப்போது அது லாட்ஜ். செல்வி வேங்கிக்காலில் புது வீடு கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

போன தீபத்துக்குத் தேர் பார்க்க அவளையும் கூப்பிட்டேன். டிவி முன்னால் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்தக் கூட்டத்துல யாருடி வருவா? பார்த்துப் பார்த்து சலிச்சுப் போச்சு. நீ போயிட்டு வா."

தனியாகத்தான் போனேன். லாட்ஜ் வாசலில் ரூம் எடுத்தவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லார் கையிலும் போன். வடம் சந்துக்குள் வந்தது, அரோகரா என்று ஊரே கத்தியது. எனக்குச் சாமி ஞாபகமே வரவில்லை. செல்வி ஞாபகம்தான் வந்தது.

சலித்துப்போகிற அளவுக்கு அவளுக்குக் கிடைத்திருக்கிறதே...