இரண்டு கொட்டிகள்

"ரூம்ல பல்பு ஃபியூஸ் போயிடுச்சுன்னு வெச்சிக்கோ. நீ மட்டும்தான் இருக்கே. என்ன பண்ணுவே?"

கேட்டுவிட்டு வார்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிக்கிறார். எதிரே பெட்டியோடு நிற்கும் பெண், இதுவும் விடுதி விதிகளில் ஒன்றோ என்று விழிக்கிறாள். "ஃபோன் லைட்டைப் போட்டுப்பேன். காலையில பாத்துக்கலாம்" என்கிறாள். வார்டன் தலையாட்டுகிறார். மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். முடிந்தது.

வேலைக்குப் போகும் பெண்களுக்கான இந்த விடுதியில் எல்லா அறைகளிலும் இரண்டு கட்டில்கள். யாரோடு யாரைப் போடுவது என்பதுதான் வார்டனின் வேலை. தண்ணீர் மோட்டார், குப்பை, பூட்டு எல்லாம் அவரைப் பொறுத்தவரை உப்புப் பெறாத விஷயங்கள். முன்பு ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் இருந்தவர். அங்கே பயிற்சி கொடுக்க வந்த ஒருவர் கேள்வித்தாளை நிரப்பச் சொல்லி, மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரித்துக் காட்டினாராம். விஷயம் பிடித்துப்போயிற்று, எண்ணிக்கைதான் பிடிக்கவில்லை. "பதினாறை யாரு ஞாபகம் வெச்சிக்கிறது? எனக்கு நாலு போதும்."

நான்குக்கும் அவரே பெயர் வைத்தார். பெட்டியிலேயே உபரி பல்பு வைத்திருப்பவள் முன்கூட்டி. விடியட்டும் என்பவள் பாத்துக்கலாம். அந்த நிமிடமே வந்து அவர் கதவைத் தட்டுபவள் கொட்டி. மனசில் இருப்பதைக் கொட்டினால்தான் அவளுக்கு மூச்சு வரும். யாரிடமும் சொல்லாமல் இருட்டிலேயே இருந்துவிடுபவள் முழுங்கி. நான் சேர்ந்த அன்று, "தூங்கிடுவேன்" என்று பதில் சொன்னேன். "சுத்தமான முழுங்கி" என்றார், ரத்த வகை சொல்லும் ஆய்வகக்காரர் மாதிரி.

ஜோடி சேர்ப்பதற்கும் சட்டம் உண்டு. முன்கூட்டியோடு பாத்துக்கலாமைப் போட்டால் கொஞ்ச நாள் முணுமுணுப்பு இருக்கும், அப்புறம் ஒட்டிக்கொள்வார்கள். இரண்டு முழுங்கிகள் கூடாது. "சண்டையே வராது. திடீர்னு ஒரு நாள் ரெண்டு பேரும் சொல்லாம கொள்ளாம காலி பண்ணிடுவாங்க." இரண்டு கொட்டிகள் கூடவே கூடாது. அதற்கு மட்டும் அவர் விளக்கம் சொல்வதில்லை. இரண்டு காதையும் பொத்திக் காட்டுவார்.

விளக்கம் ஒரு நாள் பெட்டியோடு வந்து இறங்கியது. வார்டனின் தங்கை, தனியாள், ஐம்பதைத் தாண்டியவர். பெரிய துணிக்கடை ஒன்றின் தையல் பகுதியில் புது வேலை கிடைத்து, தங்க வேறு இடம் அமையாமல் வந்திருந்தார். அம்மா யாரிடம் இருப்பது என்ற பேச்சில் எப்போதோ வார்த்தை தடித்து, அம்மா போன பிறகும் சகோதரிகளுக்குள் பேச்சு அறுந்தே கிடந்தது. வார்டனின் அறையில் ஒரு கட்டில் காலிதான். இருந்தும் தங்கையை என் அறைக்கு அனுப்பினார். "கொட்டிக்கு முழுங்கிதான் மருந்து. நல்லா ஒத்துப்போகும்."

ஒத்துத்தான் போயிற்று. கடை மேலாளரைப் பற்றி, நூல் அறுக்கும் இயந்திரத்தைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றித் தங்கை பேசுவார். நான் 'ம்' கொட்டுவேன். முழுங்கிகளுக்குத் தெரிந்த கொட்டல் அது ஒன்றுதான். போகப் போக அவர் பேச்சு குறைந்தது. ஒரு சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நீ தங்கமான பொண்ணும்மா. ஆனா உன்கிட்ட பேசறது கிணத்துல கல்லு போடற மாதிரி இருக்கு. சத்தமே வரல. எங்க அக்காவா இருந்தா திருப்பி நாலு கேள்வி கேட்டிருப்பா. திட்டறதுக்காவது ஒரு ஆளு வேணும்ல?"

வேறு இடம் பார்த்துவிட்டாராம். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

வழக்கம்போல் நான் முழுங்கியிருக்க வேண்டும். ஆனால் படி இறங்கிப் போனேன். வார்டன் அறை வாசலில் நின்று, "உங்க தங்கச்சி வேற இடம் போறாங்களாம்" என்றேன்.

"ஏன், உன்கூட சண்டையா?"

"சண்டையே இல்ல மேடம். அதனாலதான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்காக? அவளும் நானும் ஒரே ரூம்ல இருந்தா வெடிச்சிடும்."

"வெடிச்சா என்ன ஆகும்?"

"முழுங்கிதானே நீ? உன்னை யாரு பேசச் சொன்னா?" என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்து, காலிக் கட்டிலில் குவிந்திருந்த பழைய திரைச்சீலைகளை இறக்கிப் போட்டார். நேராக என் அறைக்குப் போனார். தங்கையை வா என்று கூப்பிடவில்லை. பெட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினார். "சக்கரத்தை உடைச்சிடாதே!" என்று கத்தியபடி தங்கை பின்னாலேயே ஓடினார்.

அன்றிலிருந்து கீழ்த்தளத்தில் அமைதி கிடையாது. மின்விசிறியின் வேகத்துக்குச் சண்டை, ஜன்னலுக்குச் சண்டை, பள்ளிக்கூட நாளில் காணாமல்போன குடைக்கும் சண்டை. வார்டன் மட்டும் தன் சட்டத்தை மாற்றவில்லை. "ரெண்டு கொட்டி கூடவே கூடாது. பாத்தீங்கல்ல?" என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தொண்டை கட்டிய குரலில் சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடப் போனபோது அவர்கள் அறைக் கதவு திறந்திருந்தது. கழுத்தைச் சுற்றிப் பழைய துண்டோடு தங்கை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்று வார்டன் அவர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்.

"கடைசியில அம்மா யாரைக் கேட்டாங்க? உண்மையைச் சொல்லு."

"உன்னைத்தான்டீ! தண்ணி வேணும்னா என்னைக் கூப்பிட்டாங்க, பார்க்கணும்னா உன்னைத்தான் கேட்டாங்க. போதுமா?"

"இதை அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"நீ ஃபோனை எடுத்தாத்தானே! தலையை ஆட்டாதே!"

சாயம் ஒரு சொட்டு தங்கையின் காது மடலில் இறங்கியது. திட்டுவதை நிறுத்தாமலே வார்டன் இடது கைக் கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, கறை பிடிப்பதற்கு முன் அதைத் துடைத்துவிட்டார்.